ஏழு, முதல் தளம், இசோமுரா

ஃபுசாயேவின் குரலை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகம் பலருக்குத் தெரியாது. பேஸ்பால் மைதானத்தில் வலைக்குப் பின்னால், தரையோடு தரையாக ஒரு சின்ன அறை உண்டு. அதற்குள் ஒரு மைக், ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவள் உட்கார்ந்து ஆட்டக்காரர்களின் வரிசை எண், மைதானத்தில் அவர்கள் காக்கும் தளம், பெயர் மூன்றையும் வாசிப்பாள். மற்றதில் நான் உட்கார்ந்து பலகையில் விளக்குகளைப் போட்டு, நோட்டில் கணக்கு எழுதுவேன். நாங்கள் இருவரும் கம்பி ஆலையின் அலுவலகத்தில் ஒரே மேசையில் வேலை செய்தவர்கள். ஆட்டம் இருக்கும் நாட்களில் ஆலை எங்களை மைதானத்துக்கு அனுப்பிவிடும்.

அவள் கணவர் இசோமுரா ததாவோ எங்கள் ஆலை அணியின் நாலாம் ஆட்டக்காரர்.

ஒன்பது பேர் வரிசையாக வந்து மட்டை பிடிக்கிறார்கள். அதில் நாலாவதாக வருகிறவன்தான் அணியின் முதுகெலும்பு என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தையும் சொல்லும். ஆஸ்பத்திரியில் நாலாம் எண் அறை கிடையாது, எங்கள் மொழியில் நாலு என்றால் சாவு என்பதுபோல ஒலிக்கும் என்று அந்த எண்ணை யாரும் விரும்புவதில்லை. ஆனால் பொதுக் குளியல் வீட்டில் செருப்பு வைக்கும் பெட்டிகளில் நாலாம் எண்ணின் சாவி மட்டும் எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு கூட்டமானாலும் ஒருவரும் அதைத் தொட மாட்டார்கள். அது இசோமுராவுடையது. அவர்கள் கல்யாணத்தில் ஆலை மேலாளர் வாழ்த்திப் பேசியபோது, "நம்ம நாலாம் நம்பருக்கு இன்னிக்குக் கல்யாணம்" என்றுதான் ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் பெயர் கடைசிவரை வரவில்லை. அன்றிலிருந்து ஃபுசாயேவும் மீன் கடையில், தபால் நிலையத்தில், எங்கும் 'நாலாம் நம்பர் வீட்டம்மா'தான்.

பதினோரு வருடம் அப்படிப் போனது. பிறகு அவருக்கு முப்பத்து நாலு வயதானது.

அந்த வசந்தத்தில் அவர் மட்டையில் பந்து பட மறுத்தது. என் நோட்டில் எல்லாம் இருக்கிறது. நாலாம் இடத்தில் இறங்கிய இருபது ஆட்டங்களில் பத்துக்கு இரண்டு தடவைகூட அவர் சரியாக அடிக்கவில்லை. நடுவில் மணிக்கட்டு வலி என்று இரண்டு ஆட்டங்களில் மட்டும் அவரை ஏழாவதாக இறக்கினார்கள். அந்த இரண்டில் ஐந்து நல்ல அடி. அதே ஆள், அதே மட்டை. நான் அதைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டுவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நான் யார்?

பயிற்சியாளர் தாகேமாட்சு மே மாதம் இசோமுராவின் தோளில் கை வைத்தார். எங்கள் ஊரில் பயிற்சியாளர் தோளில் கை வைத்தால் அர்த்தம் ஒன்றுதான். மட்டையை வைத்துவிட்டு முழு நேரமும் ஆலைக்கே போக வேண்டும்.

"ஜூன் தகுதி ஆட்டம் வரைக்கும் பாக்கறேன்பா. ஜெயிச்சு தலைநகரத்துப் போட்டிக்குப் போனா, நீயும் வர்றே. தோத்தா அதோட முடிச்சுக்கலாம்."

இதை ஃபுசாயே என்னிடம் சொன்னபோது தட்டச்சு இயந்திரத்தில் வெற்றுத் தாளை மாட்டி, மாட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசித் தகுதி ஆட்டம் சிமென்ட் ஆலை அணியோடு. ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு வழக்கம்போல வரிசைத் தாள் எங்கள் அறைக்கு வந்தது. ஃபுசாயே அதைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். நாலாவது இடத்தில் சுகயா என்று இருந்தது, போன வருடம் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையன். இசோமுரா ஏழாவது இடத்தில் இருந்தார்.

"அவர் சொல்லலியா?" என்றேன்.

"காலைல சோறு சாப்பிட்டார். ஊறுகாய் நல்லாருக்குன்னார். வேற ஒண்ணும் சொல்லலை."

அவள் தாளை மூன்று தடவை முணுமுணுத்து வாசித்துப் பார்த்தாள். மூன்று தடவையும் சரியாகவே வந்தது. பார்லி டீ ஒரு வாய் குடித்தாள். மைக்கின் பொத்தானைத் தள்ளினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள். பிறகு அந்தக் குரல், பதினோரு வருடப் பழக்கத்தில் தானாகவே போய் விழுந்தது.

"நாலு. முதல் தளம். இசோமுரா."

எங்கள் ஆலைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் முரசு இடித்தது. அவர்களுக்கும் அது பழக்கம்தானே. ஆனால் பலகையில் நாலாவது இடத்தில் சுகயாவின் பெயர் தொங்கியது. முரசு பாதியில் நின்றது. ஃபுசாயே பொத்தானிலிருந்து கையை எடுக்காமல், "திருத்தம்" என்றாள். "நாலு. மூன்றாம் தளம். சுகயா." ஐந்தும் ஆறும் வாசித்தாள். ஏழாவது வந்தபோது மைதானம் முழுக்க அதற்காகவே காத்திருந்தது.

"ஏழு. முதல் தளம். இசோமுரா."

யாரும் முரசு அடிக்கவில்லை. சிமென்ட் ஆலைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒருவன் கைகளைக் குவித்துக் கத்தினான். "ஐயா இசோமுரா, நாலா ஏழா? வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்."

சிரிப்பு எங்கள் பக்கத்திலிருந்தும் வந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இசோமுரா தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக் கொண்டார். எங்கள் அறைப் பக்கம் திரும்பவில்லை.

பேஸ்பால் சங்கத்து அதிகாரி மோரிவாகி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இது உங்க வீட்டு வானொலி இல்லம்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மைக்கை இவங்ககிட்ட குடுத்துட்டு நீங்க கிளம்பலாம்."

ஃபுசாயே எழுந்து நின்று தலை குனிந்தாள். அவர் போகும்வரை நிமிரவே இல்லை.

"தோமி சான், நான் அவரைக் கெடுத்துட்டேன்" என்றாள் பிறகு என்னிடம், மெதுவாக. "ஏழாவதா சத்தமில்லாம இறங்கி ஆடியிருப்பார். நானே நாலாம் நம்பரைத் தூக்கி அவர் முதுகுல வெச்சுட்டேன்."

அவள் சொன்னது உண்மையாகிக்கொண்டு வந்தது. இரண்டாவது சுற்றில் இசோமுரா வந்தார். மட்டையின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலியைத் தாண்டி அடிக்கிறவன் பிடிக்கும் பிடி அது. மூன்று பந்து, மூன்று வீச்சு. மூன்றும் காற்றில் போயின. நாலாவது சுற்றில், இரண்டாம் தளத்தில் ஆள் நிற்கும்போது, பந்தை உயரக் கிளப்பி அந்தப் பக்கத்து ஆட்டக்காரன் கையிலேயே கொடுத்தார்.

"பெரிசுக்கு இன்னும் நாலாம் நம்பர் கனவுதான்" என்று பின்வரிசையில் எங்கள் ஆலைக்காரன் ஒருவனே சொன்னான். வலை வழியாக எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

ஐந்தாவது சுற்று முடிந்து மைதானத்தைச் சமன்படுத்த இழுவை வந்தது. சிமென்ட் ஆலை மூன்று ஓட்டம், நாங்கள் ஒன்று. அந்த இடைவேளையில் நான் பல வருடமாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"ஃபுசாயே சான், கோவிச்சுக்காதீங்க. நீங்க எல்லார் பேருக்கும் முன்னாடி ஒரு மூச்சு விடுவீங்க. அவர் பேருக்கு முன்னாடி மட்டும் ரெண்டு."

அவள் என்னைப் பார்த்தாள். "எப்பலேர்ந்து?"

"நான் இங்க வந்து உக்காந்த நாள்லேர்ந்து. குரலும் கொஞ்சம் இறங்கும். கோயில்ல மணி அடிக்கறதுக்கு முன்னாடி நிப்பாங்களே, அந்த மாதிரி. இன்னிக்கும் ரெண்டு தடவையும் அப்படித்தான். நீங்க நிறுத்தினதும் அவர் மட்டையை நுனிக்கு மாத்திக்கிறார். பாத்துட்டேதான் இருக்கேன்."

"யாருக்கும் வித்தியாசம் காட்டக் கூடாதுன்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். "காட்டலைன்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன்."

அவள் அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அழவில்லை. கைக்குட்டையை நாலாக மடித்து மேசையில் வைத்தாள். வரிசைத் தாளை எடுத்து எதிரணியின் ஏழாம் ஆட்டக்காரன் பெயரை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொன்னாள், மறுபடி சொன்னாள். எனக்கு முதலில் புரியவில்லை. அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. தனக்கு ஒன்றுமே இல்லாத ஒரு மனிதனின் பெயரை எந்த வேகத்தில் சொல்வாளோ, அந்த வேகத்தை.

ஏழாவது சுற்று. சுகயா ஒரு நல்ல அடி அடித்து ஓட்டத்தை இரண்டாக்கியிருந்தான். தளங்களில் ஆளில்லை.

"ஏழு முதல் தளம் இசோமுரா."

நிற்காமல், இறங்காமல், ரயில் நிலையத்தில் அடுத்த வண்டியைச் சொல்வதுபோல வந்தது. பதினோரு வருடம் கூட வாழ்ந்த கணவன் பெயர் அது.

மட்டை பிடிக்கும் இடத்துக்கு நடந்து கொண்டிருந்த இசோமுரா நின்றுவிட்டார். திரும்பி எங்கள் அறையைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் ஆட்டத்தின் நடுவே அவர் அந்த அறையைப் பார்த்து நான் கண்டதில்லை. ஃபுசாயே பார்வையைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. நடுவர் ஏதோ சொன்னார். இசோமுரா தலையாட்டினார். மட்டையில் கை மேலே ஏறியது, இரண்டு விரல் அளவு.

அந்த அடி நேராகப் பறந்து போய்ப் பந்து வீச்சாளனின் கையுறைக்குள் சிக்கியது. அவுட்தான். ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக மட்டையில் பந்து பட்ட சத்தம் சரியாக இருந்தது. அந்தச் சத்தம் தெரிந்தவர்களுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

கடைசிச் சுற்று வந்தது. மூன்றுக்கு இரண்டு. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் அவுட். இரண்டாம் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் ஆள். வரிசையில் அடுத்தது ஏழு.

சிமென்ட் ஆலையின் பயிற்சியாளர் எழுந்து நின்று யோசித்தார். முதல் தளம் காலியாக இருந்தது. வேண்டுமென்றே எட்ட எட்ட நாலு பந்து போட்டு இசோமுராவை அங்கே அனுப்பிவிட்டு, அடுத்த ஆளோடு மோதலாம். நாலாம் நம்பராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் செய்திருப்பார்கள். பதினோரு வருடம் அதைத்தான் செய்தார்கள். அவர் பலகையைப் பார்த்தார். ஏழு. மூன்று தடவை வந்து மூன்று தடவையும் அவுட். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"போடு போடு. பெரியவர் வீட்டுக்குப் போகட்டும்" என்று அதே ஆள் கத்தினான்.

ஃபுசாயேவின் விரல் பொத்தான் மேல் இருந்தது. மற்றக் கையால் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு முதல் தளம் இசோமுரா."

அதே வேகம். விளக்கு அணைந்ததும் அவள் மூச்சு வெளியே வந்தது, அவ்வளவு நேரம் உள்ளே பிடித்து வைத்திருந்த இரண்டாவது மூச்சு.

முதல் பந்து ஸ்ட்ரைக், முதல் தவறு. இசோமுரா அசையவில்லை. இரண்டாவதைத் தொட்டார், அது கோட்டுக்கு வெளியே போனது. நான் இரண்டாவது மஞ்சள் விளக்கைப் போட்டேன். இன்னும் ஒரு தவறு, அவ்வளவுதான். ஆட்டமும், கோடையும், அவர் மட்டையும் எல்லாம் ஒன்றாக முடியும். தாகேமாட்சு கைகட்டி நின்றார். முரசு அடிக்கிறவன் அடிப்பதை மறந்திருந்தான்.

இசோமுரா மட்டையில் கையை இன்னும் ஒரு விரல் மேலே ஏற்றினார். பள்ளிக்கூடப் பையன்கள் பிடிக்கும் பிடி. வேலிக்கு மேலே அடிக்கப்போகிறவன் அப்படிப் பிடிக்கவே மாட்டான்.

பந்து வந்தது. அவர் வீசவில்லை, தள்ளினார் என்றுதான் சொல்ல வேண்டும். பந்து முதல் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவே, இரண்டு பேர் நீட்டிய கையுறைகளுக்கு ஒரு சாண் தள்ளி, புழுதியில் உருண்டு வலப்பக்கப் புல்லுக்குப் போனது. மூன்றாம் தளத்து ஆள் வந்துவிட்டான். இரண்டாம் தளத்து ஆள் வந்துகொண்டிருந்தான். பந்தும் வந்துகொண்டிருந்தது. எங்கள் அறைக்கு எதிரே, பத்தடி தூரத்தில், ஓடி வந்தவனும் பந்தைப் பிடித்தவனும் ஒரே புழுதிக்குள் விழுந்தார்கள்.

நடுவர் குனிந்தார். குனிந்தபடியே இருந்தார். பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்தார்: அவுட் இல்லை, எங்களுக்கு நாலாவது ஓட்டம்.

எங்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் அறையின் கண்ணாடி அதிர்ந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை, டீக் கோப்பை கவிழ்ந்திருந்தது. ஃபுசாயே மட்டும் நாற்காலியில் அப்படியே இருந்தாள். அவளுக்கு இன்னும் வேலை இருந்தது. பொத்தானைத் தள்ளி, இரண்டு அணிகளின் பெயரையும் ஓட்டங்களையும் சொன்னாள். கிளம்பும்போது குடைகளை மறந்துவிட வேண்டாம் என்றாள். குரல் கடைசி எழுத்துவரை ஒழுங்காக இருந்தது. ஆனால் பொத்தானை இழுக்க அவள் விரல் வரவில்லை. நான்தான் கையை நீட்டி அணைத்தேன். அதற்குப் பிறகுதான் அவள் மேசையில் தலையை வைத்து அழுதாள். அந்த அழுகையின் ஒரு துளியும் மைதானத்துக்குக் கேட்கவில்லை.

மாலையில் நுழைவாயிலில் இசோமுரா காத்துக்கொண்டு நின்றார். அவர்களைத் தனியாக விட்டுவிட்டு நடக்கப் பார்த்தேன். ஃபுசாயே என் கையை விடவில்லை.

"என்னங்க, ஆரம்பத்துல நான் செஞ்சதுக்கு..."

"தாகேமாட்சு கூப்பிட்டார்" என்றார் அவர், அவள் பேச்சுக்குள் புகுந்து. "தலைநகரத்துல மறுபடி நாலுல இறங்குன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏழே போதும்னேன். நாலுக்குச் சுகயா இருக்கான், அவன் பாத்துக்கட்டும்னேன்." கொஞ்ச தூரம் நடந்தார். "ஏழாவது சுற்றுல நீ என் பேரைச் சொன்னியே, வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். நின்னு பாத்தேன். நீதான்."

"கஷ்டமா இருந்துதா?"

"முதல்ல இருந்துது" என்றார். "பசிக்குது. மீன் இருக்கா வீட்ல?"

அன்று குளியல் வீட்டில் கூட்டம். ஆண்கள் பக்கத்தில் நடந்ததை என் தம்பி வந்து சொன்னான். இசோமுரா உள்ளே வந்ததும் எல்லோரும் வழி விட்டார்களாம், நாலாம் எண்ணின் சாவி வழக்கம்போலத் தொங்கியதாம். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மேல் வரிசையில் காலியாக இருந்த ஒரு பெட்டியில் வைத்துவிட்டுப் போனாராம். "என்ன எண் தெரியுமா, முப்பத்தொண்ணு" என்றான் தம்பி, பெரிய ஆச்சரியமாக.

ஜூலையில் தலைநகரத்துக்கு ஆலை இரண்டு பேருந்துகள் விட்டது. ஃபுசாயேவும் நானும் ஒரே இருக்கையில் போனோம். அந்தப் பெரிய மைதானத்தில் வாசிக்க அவர்களுடைய ஆள் இருந்தாள். பதினோரு வருடத்தில் ஃபுசாயே முதல் தடவையாக அறைக்கு வெளியே, பார்வையாளர் பக்கம், வெயிலில், வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வரிசை வாசிக்கப்பட்டது. யாரோ ஒரு இளம்பெண்ணின் குரல், தெளிவான குரல். எங்கள் ஊர்ப் பெயர்களை அவள் அதற்கு முன்பு கேட்டிருக்கவே மாட்டாள்.

"ஏழு. முதல் தளம். இசோமுரா."

ஒரு மூச்சுதான். எல்லோருக்கும் விட்ட அதே ஒரு மூச்சு.

ஃபுசாயே என் பக்கம் திரும்பினாள். "நல்லா வாசிக்கிறா இல்ல?" என்றாள். பிறகு முரசுக்காரன் அடிக்க ஆரம்பிக்கும் முன்பே, பெரிய மைதானத்தில் தன்னந்தனியாக, எழுந்து நின்று கைதட்டினாள்.