கித்தான் சட்டையும் காலைப் பெரட்டும்

பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லிப் பாருங்கள், எவனும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கமாட்டான், "உனக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பான். இடுப்பில் சாவிக்கொத்தோடு பிழைத்த சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா!

மூக்கு அரித்த கதை

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த வருஷம்தான் ஜொகூரில் இந்த வேலைக்கு வந்தேன். டாக்டருக்கு அடுத்தபடி எங்கள் வார்டைப் பார்த்துக்கொண்ட டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். முரண்டு பிடிப்பவர்களுக்குக் கித்தான் சட்டை மாட்டி, நீளக் கைகளை முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுவோம். அதைச் சொல்லிக் கொடுக்க, "நில்லும், உம்மையே ஒருக்கா கட்டிக் காட்டுறன்" என்றார். கட்டினார். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் கூப்பிட, மனுஷன் என்னை மறந்துவிட்டு ஓடினார்.

ஒரு மணி நேரம்! மூக்கு அரித்த அரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்க் கொட்டடியில் பூட்டிக் கிடந்தவன் முனியாண்டி, சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினவன். அவனும் அதே சட்டையில்தான் இருந்தான். கதவு ஓட்டை வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "சுவத்துல தேய்ங்கண்ணே. நான் அப்படித்தான் செய்றேன்."

ஐந்து மணி இடி

பகலெல்லாம் முனியாண்டி பச்சைப்பிள்ளை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி மணி அடித்ததோ, தொலைந்தது! தோளால் கதவை இடிப்பான், தலையால் மோதுவான். நானும் கூட வேலை செய்த ஹசானும் அவன்மேல் விழுந்து முடிச்சை இன்னும் இறுக்குவோம். மணிச் சத்தம் ஆகவில்லை என்று டிரெசர் அவன் காதில் பஞ்சு அடைத்தார். வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. பின்கட்டுக்குப் போனவன் வீடு திரும்பியதை நான் பார்த்ததே இல்லை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? ஆஸ்பத்திரிக் காற்சட்டை போட்டதும் எல்லாம் மறந்து போச்சு, என்னைச் செருப்பால் அடிக்கணும். புதன்கிழமை காலை முடிச்சை இறுக்கப் போனபோது, அவன் என் காலில் விழுந்து கத்தினான்: "பெரட்டுக்கு நேரமாச்சுண்ணே! பேர வெட்டிட்டா கப்பல்ல ஏத்திருவாங்க, கதவத் தொறங்க!"

நாங்கள் போட்ட பெரட்டு

பெரட்டு என்றால், விடியுமுன் தோட்டத்தாட்களை வரிசையில் நிற்க வைத்து, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவது. கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பேர் விழாது. அந்த வருஷம் பேர் விழாதவனை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். அவன் எங்களை அடிக்க வரவில்லை ஐயா, வேலைக்குப் போகத்தான் கதவை இடித்திருக்கிறான்! டிரெசரிடம் ஓடி, கதவைத் திறந்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். "அவன் ஓடினால் உம்மட வேலையும் ஓடும்" என்றார். ஓடட்டும் என்றேன்.

வியாழன் காலை மணி அடிக்குமுன் சட்டையைக் கழற்றி, கதவைத் திறந்துவிட்டு, முற்றத்தில் வார்டுப் புத்தகத்தோடு நின்றேன். மணி அடித்தது. முனியாண்டி பாய்ந்து வந்தான். ஹசான் கம்பை எடுத்துவிட்டான். வந்தவன் என் முன்னால் விறைப்பாக நின்றான். "முனியாண்டி!" என்றேன். "இருக்கேங்க!" என்றான், முற்றமே அதிர. வேலிப்பக்கத்துத் தென்னை வரிசையை, தோட்டத்தில் ஆளுக்கொன்று பிரித்துக் கொடுப்பதுபோல, அவன் நிரை என்று காட்டினேன். கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் கஞ்சிக்கு வந்தான். மறுநாள் காலை பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்ற ஹசானுக்கு ரோஷம்: "எல்லார் பேரும் கூப்பிட்டே, என் பேரு எங்கே லா?"

டாக்டர் துரைக்குக் கிடைத்த ஏச்சு

அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை. பெரிய டாக்டர் ஏழு மணிக்கு வந்து கொட்டடியை எட்டிப் பார்த்தார். காலி. டிரெசருக்கு வேர்த்து ஊற்றியது. தென்னை வரிசையிலிருந்து முனியாண்டி விளக்குமாறோடு வந்து வெள்ளைக்காரனை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று டாக்டர் கேட்க, டிரெசர் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார், பின்கட்டுக் கடிதாசியைக் கிழித்தே போட்டார். எனக்கு அங்கேயே கூத்தாடலாம் போல இருந்தது! முனியாண்டி சொன்னது இதுதான்: "தொர, பெரட்டு முடிஞ்சு ரெண்டு மணி நேரமாச்சு. நாளைக்காவது நேரத்தோட வாங்க."

வாசலில்

மூன்று மாதம் கழித்து அவன் பெண்சாதி அழைத்துப் போக வந்தாள். "ஒம் பேர வெட்டலய்யா, கிராணிகிட்டப் போயி நின்னு சண்ட போட்டேன்" என்று சொன்னாள். அவன் தேம்பித் தேம்பி அழுதான், நானும் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். வாசல்வரை போனவன் திரும்பி வந்து சொன்னான்: "நாளைக்கு என் பேரக் கூப்பிட்டுட்டு ஆளக் காணோமேன்னு தேடாதீங்கண்ணே, நான் அங்க வரிசையில நிப்பேன்."

அந்தக் கித்தான் சட்டை இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது, முடிச்சுப் போடத் தெரிந்த பழைய ஆட்களில் வார்டில் மிச்சம் நான் ஒருத்தன்தான், எனக்கும் இப்போது மறந்து போச்சு.