ஆறு என்று எழுதிய கார்டு

தக்கலைத் தபாலாபீஸில் நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், அந்த ஊரில் என்னைச் சதுரங்கத்தில் ஜெயிக்க ஆள் கிடையாது. அப்படி நம்பிக்கொண்டு ஐந்து வருஷம் நிம்மதியாக இருந்தேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, சாயாக்கடை மாடியில் வாசகசாலை. சாயங்காலம் நான் படியேறினால் பத்திரிகை படிக்கிறவர்கள் பெஞ்சை ஒதுக்கித் தருவார்கள். எதிரே உட்காருவது பெரும்பாலும் ஒரு வக்கீல் குமாஸ்தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆட்டம் முடிந்ததும், தான் தோற்ற விதத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ரசித்துச் சொல்வார். அவர் வாயால்தான் என் பெயர் நாகர்கோவில் கோர்ட் வரை போயிற்று.

நாங்கள் ஆடியது நாட்டு முறை. காலாள் முதல் நடையிலும் ஒரு கட்டம்தான் நகரும். மூலைவாக்கில் போவது ஆனை, நேராகப் போவது தேர். ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை, குதிரையைப் போலத் தாவலாம். அந்தத் தாவலை எப்போது எடுப்பது என்பதில்தான் என் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இருந்தது. இனி இவன் ராஜாவுக்கு வழி இல்லை என்று எதிராளி நிமிர்ந்து உட்காரும்வரை காத்திருப்பேன்.

திருவிதாங்கூர் அஞ்சலும் இந்தியத் தபாலும் ஒன்றாகிப்போன மறுவருஷம், தாலுகா ஆபீஸுக்கு ஒரு டிராஃப்ட்ஸ்மேன் மாற்றலாகி வந்தார். குழித்துறைக்காரர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். நில அளவைப் படம் வரைகிற வேலை. விரல் நுனியில் எப்போதும் கறுப்பு மை. முதல் நாள் வாசகசாலையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, தானும் ஆடலாமா என்று பணிவாகக் கேட்டார். அவர் பழகியது இங்கிலீஷ் புத்தக முறை. அதில் காலாள் முதலில் இரண்டு கட்டம் போகலாம். ராஜாவுக்குத் தாவல் கிடையாது. அன்று அந்த முறையிலேயே ஆடி, முறை புரியாததால் தோற்றேன் என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். மறுநாள் அவரே நாட்டு முறையில் ஆட உட்கார்ந்தார். அதிலும் தோற்றேன். என் ராஜா தாவ வேண்டிய கட்டத்தைப் பார்த்தபடி, ஆறு நடைக்கு முன்பே அவருடைய காலாள் ஒன்று வந்து நின்றுவிட்டது.

தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வக்கீல் குமாஸ்தா அவர் பக்கம் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. எதிராளியின் ஆனையை வெட்டுவதற்காக அலைய வேண்டாம், அது நடக்கிற மூலைவழியில் நம் காலாளை ஊன்றினால் போதும், அது பலகையில் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும் என்று டிராஃப்ட்ஸ்மேன் ஒருநாள் சொன்னார். குமாஸ்தா அதை ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்னோடு ஆடிய ஐந்து வருஷ ஆட்டங்களில் ஒன்றைக்கூட அதன்பிறகு அவர் வாயெடுத்துச் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து வேறொன்றும் தெரிந்தது. டிராஃப்ட்ஸ்மேன் தபால் வழியாக ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். எதிராளி நாக்பூரில் ரயில்வே உத்தியோகஸ்தர். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஒரு கார்டில் ஒரு நடை. எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி, கீழே இங்கிலீஷில் குசலம். இங்கிருந்து போகிற கார்டும் அங்கிருந்து வருகிற கார்டும் என் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். அச்சடித்ததுபோன்ற எழுத்து, படிக்காமல் முத்திரை குத்துவது எனக்கு முடியாத காரியம்.

புத்தக முறையை ரகசியமாகக் கற்றுக்கொண்டு, வீட்டில் ஒரு பலகையில் அவர்கள் ஆட்டத்தை அடுக்கி வைத்தேன். கார்டு வருவதற்கு முன் அவர் என்ன நகர்த்துவார் என்று யோசிப்பேன். அபூர்வமாகச் சரியாக வரும். அன்று முழுவதும் சந்தோஷமாக இருக்கும். இதை அவர் பத்து நாள் முன்பே பார்த்திருப்பார் என்று தோன்றியதும் அதுவும் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட்டும் நான் எழுந்திருக்காததால் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது ஆருக்க களியாக்கும்?"

என்னுடையது என்றேன்.

"உங்களுக்க களின்னா எதிராளி எங்க?"

எழுந்து கை கழுவப் போனேன்.

ஆட்டம் டிராஃப்ட்ஸ்மேன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த சமயம், ஒரு மத்தியானம் அவருடைய கார்டு பெட்டியிலிருந்து வந்தது. மந்திரியை, இங்கிலீஷ்காரர் ராணி என்பதை, ஆறாவது வரிசைக்கு நகர்த்துவதாக எழுதியிருந்தார். ஆட்டம் எனக்கு மனப்பாடம். ஏழாவது வரிசைக்குப் போனால் நாக்பூர்க்காரருக்குத் தப்ப வழி குறைவு. ஆறில் நின்றால் ஒரு சாதாரணக் காலாள் மந்திரியை வெட்டிவிடும். தந்திரமாக இருக்குமோ என்று எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். தந்திரம் ஒன்றும் இல்லை. கை தவறி ஏழை ஆறாக்கியிருந்தார். முத்திரையை அன்று சற்று அழுத்தியே குத்தினேன்.

மூன்றேகால் மணிக்கு டிராஃப்ட்ஸ்மேன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். எழுதியதில் பிழை இருக்கிறது, கார்டு இன்னும் இங்கே இருக்கிறதா என்று கேட்டார். போஸ்ட்மாஸ்டர் நல்ல மனுஷர். தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருப்பார். தபால் பை கட்டாமல் என் காலடியில்தான் கிடந்தது. அது ஏறவேண்டிய நாகர்கோவில் பஸ் நாலு மணிக்குத்தான்.

"பை போயாச்சு சார். இண்ணைக்கு வண்டி கொஞ்சம் முன்னாடியே வந்துட்டு" என்றேன்.

அவர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "செரி, எனக்க தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. பியூனை அனுப்பி அவரைக் கூப்பிட்டிருக்கலாம். நான் பையைக் கட்டி அரக்கு வைத்தேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நின்றுகொண்டே படித்தேன். "நீங்கள் ஏழு என்று எழுத நினைத்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். என் பலகையில் ஏழிலேயே வைத்திருக்கிறேன். சம்மதமென்றால் அதற்கு என் நடை இது" என்று நாக்பூர்க்காரர் எழுதியிருந்தார். அந்தக் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்ததும் உண்மை. தபால்காரரின் கடிதக் கட்டோடு சேர்த்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வாசகசாலையில் கார்டு கைமாறிக்கொண்டிருந்தது. எதிராளியே சம்மதிக்கும்போது மறுப்பது பைத்தியக்காரத்தனம் என்று வக்கீல் குமாஸ்தா வாதாடினார். டிராஃப்ட்ஸ்மேன் சிரித்தார்.

"தொட்ட காய நகத்தணும்லா அண்ணாச்சி? நான் எழுதினது ஆறு."

அப்படியே பதிலும் போட்டார். மந்திரி போயிற்று. மந்திரி இல்லாமல் அவர் நாலு மாதம் தாக்குப்பிடித்தார். அந்த நாலு மாதக் கார்டுகளையும் நான் படித்தேன். அவர் தோற்கத் தோற்க எனக்குச் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. முகம் தெரியாத ஒருவர் அவருக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறாரே, ஐந்து வருஷம் ஜெயித்த எனக்கு இப்படி ஒரு எதிராளி ஏன் வாய்க்கவில்லை என்றுதான் மனது அரித்தது. ஒருவர்மேல் இருந்த பொறாமை இரண்டு பேர்மேல் ஆயிற்று.

நாங்கள் இருவரும் ஆடுவது மட்டும் நிற்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் தோற்றேன்.

ஐம்பத்தாறில் எங்கள் தாலுகாக்கள் மதராஸோடு சேர்ந்தபோது, அவர் கேரளத்திலேயே வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், படியிறங்கும்போது அவரை நிறுத்தி, அன்று பை போகவில்லை என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றார். "அண்ணைக்கு நாலு மணிக்கு ஆபீஸ் ஜன்னல் வழியா பாக்கேன், பஸ்ல பைய ஏத்துகானுவ."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா சார்?"

"கேட்டா பிறகு நீங்க வாசகசாலைக்கு வரமாட்டீங்க. இந்த ஊர்ல வேற ஆரு உண்டு, எனக்க கூட ஆட?"

அதைக் கேட்டு மனது லேசாகியிருக்க வேண்டும். மூன்று வருஷம் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள் என் எதிரே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. நானாக இருந்தால் முதல் வாரமே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

திருவனந்தபுரம் போனபிறகு அவரே எனக்குக் கார்டு போட்டு ஆட்டத்துக்கு அழைத்தார். மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றாவதில் நான் ஜெயித்தேன். வக்கீல் குமாஸ்தா அதை ஊரெல்லாம் சொன்னார். டிராஃப்ட்ஸ்மேன் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாரோ என்று அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்து எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்கு ஆட்டம் தெரியவில்லை.