விடுதலை விழாவில் ஒரு கதிரை

மியூசியத்தில் காவல் வேலை என்றால் சாமான்களைப் பார்க்கிற வேலை என்று நினைக்காதேங்கோ. சாமான் எங்கேயும் ஓடாது, அதைப் பார்க்க வருகிற சனத்தைப் பார்க்கிறதுதான் வேலை. அதுவும் நின்றுகொண்டு. கடையில் நிற்கிறவை, ஆஸ்பத்திரியில் நிற்கிறவை, சாப்பாட்டுக் கடைக் குசினியில் நிற்கிறவை எல்லாருக்கும் நான் சொல்ல வருவது விளங்கும். மற்றவை வடிவாகச் சாய்ந்திருந்து வாசியுங்கோ, உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கு.

நான் இருப்பது ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன். மியூசியம் அங்கிருந்து ரயிலில் போகிற தூரம். பெயர் வேண்டாம், எனக்கு அங்கே இன்னும் வேலை வேணும். பழைய காலத்துக் கப்பல் வியாபாரச் சாமான்கள்: சீனிப் பேணி, கோப்பிக் கோப்பை, மனிசரைக் கட்டி வைத்த இரும்பு விலங்கு, அது கண்ணாடிப் பெட்டிக்குள். அடிமை முறை ஒழிந்ததை நினைத்து வருஷத்துக்கு ஒருக்கா குடும்ப விழா வைப்பார்கள். டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லையென்றால் ஜெர்மன்காரரும் எங்கட ஆக்களைப் போலத்தான், கதவு திறக்க முன்னமே குஞ்சு குருமானோடு வந்து நிற்பார்கள். அவர்கள் ஜெர்மன் பாஷையில் கதைத்ததை நான் என் தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முழங்கால்

போன மாரியில் ட்ராம் தரிப்பிடத்தில் ஐஸில் வழுக்கி விழுந்ததிலிருந்து என் வலது முழங்கால் தன்பாட்டுக்கு நடக்கிறது. "டொக்டரிட்டக் கடிதம் வாங்குங்கோ அம்மா, இருக்க ஒரு கதிரை தரத்தான் வேணும்" என்று மகள் சொன்னாள். அவள் சொல்வது சரி. ஆனால் கடிதம் கொண்டுவந்தவர்களை எங்கள் மேலாளர் ஹெர் புறோயர் நிலவறைக்கு அனுப்பிவிடுவார், சனம் கழற்றித் தருகிற கோட்டுகளை வாங்கி நம்பர் கொடுக்க. அங்கே கதிரை உண்டு, ஜன்னல் இல்லை. மேலே என் மண்டபத்து ஜன்னலால் பார்த்தால் மாதா கோயில் கோபுரம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் செபமாலை சொல்லுவேன். சம்பளமும் நடக்கும், சொர்க்கத்துக்கான அலுவலும் நடக்கும். அந்த ஜன்னலை விட எனக்கு மனமில்லை.

இந்த முறை விழா ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் நொண்டுவதை ஹெர் புறோயர் கண்டுவிட்டார். "ஃபிராவ் ஜோசப், இண்டைக்கு ஆறு மணி வரைக்கும் நிக்க ஏலுமெண்டால் மேலே நில்லுங்கோ. ஏலாதெண்டால் இனிக் கீழேதான்" என்றார். ஏலும் என்றேன். சுவரோரமாக ஒரு ஸ்டூலாவது போடலாமோ என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். புளித்த மோர் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "விடுதலையைக் கொண்டாடுற நாளில காவலாளி குந்திக்கொண்டிருந்தால் வடிவாயிருக்குமோ?"

மன்னிப்பு

கழுத்தில் சால்வை சுற்றிய நெட்டையான ஒரு மனிசன் சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் வாசித்தார். திரும்பும்போது கண் கலங்கியிருந்தது. நேரே என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்கட முன்னோர் உங்கட சனத்துக்குச் செய்ததுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன்."

என் சனம் மன்னாரில் மீன் பிடித்த சனம். எங்களுக்கும் அநியாயம் செய்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இவருடைய பாட்டன் பூட்டன் அந்த வரிசையில் இல்லை. ஆள் மாறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன்: கேட்கிறவனை மன்னிக்கச் சொல்லித்தானே ஆண்டவர் சொன்னார், சரியான ஆளிடம்தான் கேட்கிறானோ என்று விசாரிக்கச் சொல்லவில்லையே. "மன்னிச்சிட்டன்" என்றேன். அந்த மனிசன் பெருமூச்சு விட்ட விதத்தில் எனக்கே கண் கலங்கியது. கையை விட்டார், மூக்கைத் துடைத்தார், கேட்டார்: "மெத்தப் பெரிய உபகாரம். டொய்லட் எந்தப் பக்கம்?"

நிலவறை

மத்தியானத்துக்குள் இன்னும் ஒரு சோடியையும் மன்னித்துவிட்டேன். கை பழகிவிட்டது. சாப்பாட்டு நேரம் கீழே போய், கோட்டு வாங்கிற கோஃபியிடம் சொன்னேன். கோஃபி ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்காரன், மூன்று பிள்ளைகளின் தகப்பன், என்னோடு பழகி "அக்கா" என்று கூப்பிடப் பழகினவன். மேலே சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருக்கிறது. அடிமைக் கப்பல்கள் போன வழியைச் சிவப்பு அம்புக்குறியாகப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்பு தொடங்குகிற கரைதான் அவன் ஊர்.

அவன் என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து ஒரு கட்லட்டை எடுத்துக்கொண்டு, தன்னைச் சுற்றித் தொங்குகிற ஈரக் கோட்டுகளை ஒரு பார்வை பார்த்தான். "எனக்கு இண்டைக்கு ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கேல்ல அக்கா. ஒராள் மட்டும் குடையைக் கவனமா வை எண்டு சொன்னவர்."

சங்கிலி

என் மண்டபத்து மூலையில் பிள்ளைகளுக்கு ஒரு மேசை. கடதாசியால் சங்கிலி ஒட்டவேணும். மேளம் அடித்ததும் எல்லாரும் சேர்ந்து "ஹோ" என்று கத்தி அறுக்கவேணும். ஒரு சின்னப் பெட்டை தங்க நிறக் கடதாசியாகப் பார்த்துப் பொறுக்கி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அரை நாளாக ஒட்டினாள். மேளம் அடித்தது. எல்லாரும் அறுத்தார்கள். இவள் தன்னுடையதை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

மேசைக்குப் பொறுப்பான பெண் குனிந்து, "அறுத்தால்தானே செல்லம் விடுதலை" என்று கெஞ்சினாள். தாய்க்காரி, "எல்லாரும் பார்க்கினம், கெதியா அறு" என்று பல்லைக் கடித்தாள். கீழே இருந்து சத்தம் வந்தது: "நான் செய்தது, நான் வைச்சிருப்பன்! நீங்கள் உங்கடையை அறுங்கோ!"

வயர்லெஸ்

மூன்று மணிக்குப் பிறகு முழங்கால் நெருப்பாக எரிந்தது. நோவு கூடக் கூட நான் செபத்தை அழுத்திச் சொல்லுகிற ஆள். செபமாலை கிடந்த பொக்கற்றில்தான் காவலாளிகள் ஒருத்தரோடொருத்தர் கதைக்கிற வயர்லெஸும் கிடந்தது. மணியை உருட்டின கைவிரல் அதன் பட்டனையும் அமத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வாசலில், கோப்பிக் கடையில், கீழே முற்றத்தில், எல்லாக் காவலாளியின் இடுப்பிலிருந்தும் என் குரல் தமிழில் மாதாவைக் கூப்பிட்டது. முற்றத்தில் ஒரு பெரிய மனிசர் பேசிக்கொண்டிருந்தாராம். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஹெர் புறோயரின் இடுப்பிலிருந்தும் கேட்டதாம். விழாவுக்கென்று ஒழுங்கு செய்த அஞ்சலி என்று நினைத்துச் சனம் தலையைக் குனிந்து நின்றதாம்.

ஹெர் புறோயர் படியேறி ஓடி வந்தார். நான் சுவரில் சாய்ந்து நிற்பதையும் கண்டார். அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வாயால் சொன்னது வேறு: "கடவுளோட கதைக்கிறதெண்டால் பட்டனை விட்டுட்டுக் கதையுங்கோ ஃபிராவ் ஜோசப். அவருக்கு வயர்லெஸ் தேவையில்லை."

கதிரை

பின்னேரம் என் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன மனிசி சொல்லி முடித்துப் போய்விட்டா. வட்டக் கம்பளம், அதற்கு நடுவில் சிவப்பு மெத்தை போட்ட கதிரை, மேலே ஒரு விளக்கு. மண்டபத்தில் ஒருத்தரும் இல்லை. முழங்கால் என்னைக் கேட்கவில்லை, தானே மடிந்து என்னைக் கதிரையில் இருத்தியது. ஒரேயொரு செபம் சொல்லுகிற நேரம் மட்டும் என்று கண்ணை மூடினேன்.

திறந்தபோது கம்பளம் முழுக்கச் சனம். பிள்ளைகள், தாய் தகப்பன்மார், நான் காலையில் மன்னித்துவிட்ட சால்வைக்காரரும். ஒரு மூச்சுச் சத்தம் இல்லை, எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். நான் கதை சொல்லப் போகிறேன் என்று நினைத்து வந்தவர்கள், நான் சொல்லாமல் இருக்கிறதுதான் கதை என்று முடிவெடுத்துவிட்டார்கள். எழும்பப் பார்த்தேன், கால் வரவில்லை. வேறு வழி தெரியாமல் திரும்பக் கண்ணை மூடி, ஆண்டவரே என்னை எழுப்பும், அல்லது எடுத்துக்கொள்ளும் என்று உண்மையாகவே மன்றாடினேன்.

கதவடியில் ஹெர் புறோயரின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. "ஃபிராவ்..." என்று தொடங்கினார். மியூசியத்துக்குக் காசு கொடுக்கிற நண்பர் சங்கத்துத் தலைவி, முத்துமாலை போட்ட கிழவி, "உஷ்!" என்று விரலை நீட்டினா. மனிசன் அப்படியே நின்றார். இருக்க ஒரு இடமும் இல்லை, பாவம், ஆறு மணி வரைக்கும் நின்றார். கோயில் மணி அடித்ததும் சனம் எழும்பிக் கைதட்டியது. கிழவி என் கையைக் குலுக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினா: "இண்டைக்கு என்ர நெஞ்சைத் தொட்டது இது ஒண்டுதான். இதை விழாவோட நிப்பாட்டிப் போடாதேங்கோ, ஹெர் புறோயர்!"

செவ்வாய்க்கிழமை

திங்கள் மியூசியம் பூட்டு. செவ்வாய் காலை, நிலவறைக்குத்தான் என்று நினைத்து ஒரு கம்பளிச் சட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். ஹெர் புறோயர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கதைத்தார். நான் மேலேயே நிற்கலாமாம். கதிரையும் அங்கேயே இருக்குமாம். ஆனால் ஞாயிறு பின்னேரம் மட்டும்தான் அதில் இருக்கலாம், அது கலை நிகழ்ச்சி. மற்ற நேரம் காவல், நிற்கவேணும். ஞாயிறில் என்னோடு முறை மாற்ற ஒரு ஆள் வேணும், கோஃபி கண்ணை மூடிக்கொண்டு அழகாக இருப்பான் என்றேன். சரி என்று தலையாட்டினார். கீழே ஓடிப்போய் — ஓட எங்கே, நொண்டிப்போய் — கோஃபியிடம் சொன்னேன்.

அவன் சிரித்த சிரிப்பில் கோட்டெல்லாம் ஆடியது. "மேலே வாறன் அக்கா. ஆனால் ஆராவது வந்து மன்னிப்புக் கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கோ, உங்களுக்குத்தான் பழக்கம்."

ஆண்டவருக்குத் தோத்திரம், இந்த வேலையில் நான் கண்டது இவ்வளவுதான்: நிற்கிறதுக்குச் சம்பளம் தருகிறார்கள், குந்தியிருக்கிறதுக்குக் கைதட்டுகிறார்கள்.