கட்டி முடியாத சீட்டு

ஒக்டோபரில் நோர்வே அரசாங்கம் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கும் நாள் வந்தால் நான் முதலில் யன்னல்களைச் சாத்துவேன். நிதியமைச்சர் வாயைத் திறக்க முன்னரே என் கணவர் சோபாவின் நுனிக்கு வந்துவிடுவார். மருத்துவரிடம் போகிறவர்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிய பங்கின் உச்சவரம்பு அடுத்த ஆண்டும் கூடுகிறது என்று எங்கேயாவது ஒரு வசனம் வரும். அவ்வளவுதான்.

"பாத்தீரே! திரும்பவும் கூட்டிப்போட்டாங்கள்!"

ரயில் பாதை முடிகிற வெஸ்ட்லியில் எங்கள் மாடிக் கட்டடத்தின் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவர் அடுத்த நாள் லிஃப்டில் என்னைக் கண்டால், வீட்டில் எல்லாம் சுகமா என்று இரக்கத்தோடு கேட்பார்.

இதிலுள்ள பகிடி என்னவென்றால், இந்த மனிதர் முப்பது வருடமாக மருத்துவர் பக்கமே போனதில்லை. ஒருமுறை மட்டும் தொண்டையில் மீன்முள் சிக்கி மருத்துவரிடம் புறப்பட்டார். அங்கே வாசலில் இருமிய இருமலில் முள் வெளியே வந்துவிட, அப்படியே திரும்பி வந்துவிட்டார். கட்டணம் கட்டாமல் தப்பிய கதையாக அதைக் கோயிலில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

சம்பளத்தில் தேசியக் காப்புறுதிக்கென்று கழிப்பது அவருக்கு இன்னொரு புண். துரொண்ட்ஹெய்ம் நகரில் படிக்கிற எங்கள் மகள் தொலைபேசியில் பொறுமையாக விளங்கப்படுத்துவாள். வீதம் கூடவில்லை, கொஞ்சம் குறைந்துகூட இருக்கிறது, அப்பாவின் சம்பளம் கூடியதால்தான் தொகை கூடியிருக்கிறது என்பாள்.

"வீதம் கீதம் எனக்குச் சொல்லாதை பிள்ளை. போன வருசத்தைவிடக் கூடக் கழிக்கிறாங்களோ இல்லையோ? அதைச் சொல்லு."

"ஓம் அப்பா, ஆனால்…"

"ஆனால் இல்லை. ஓம் எண்டால் ஓம்."

அவருடைய மனதில் இந்த நாட்டின் காப்புறுதி ஒரு பெரிய சீட்டு. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மாதாமாதம் கட்டுவது, மாதத்துக்கு ஒருவர் முழுவதையும் எடுப்பது, எடுத்தவரும் கடைசிவரை கட்டுவது என்று எங்கள் சனம் போகிற இடமெல்லாம் கொண்டுபோகிற சீட்டு. எங்கள் கட்டடத்தில் தமிழ் வீடுகளிலுள்ள சோபா, கார், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு எல்லாம் சீட்டில் வந்தவைதான். ஆகவே யாருக்காவது வருத்தம் வந்தால் இவர் பழமும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அன்பாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது தீர்ப்புச் சொல்லுவார்.

"இடுப்பு மாத்திப்போட்டாங்கள். அவன் எடுத்திட்டான்."

சிறுநீரகக் கல் என்றால் அது சின்னச் சீட்டு. இரட்டைப் பிள்ளைப் பேறு என்றால் நல்ல சீட்டு. "நாங்கள் ரெண்டு பேரும்தான் பேயர் மாதிரிக் கட்டிக்கொண்டே இருக்கிறம்" என்று முடிப்பார். வருத்தம் வராததை ஒரு நட்டமாக நினைத்துக் கவலைப்பட்ட ஒரே மனிதரை நான் கலியாணம் செய்திருக்கிறேன்.

அவரைச் சும்மா பழிக்கவும் கூடாது. முன்னொரு காலத்தில் அவரே சீட்டுப் பிடித்தவர். ஒருவன் முதல் சீட்டை எடுத்துக்கொண்டு இரவோடிரவாக லண்டனுக்குப் போய்விட்டான். மற்றவர்களுக்கு ஒரு சதம் குறையாமல் அவனுடைய பங்கை இவர்தான் கட்டி முடித்தார். அந்த வருடம் நாங்கள் மீன் வாங்கியதில்லை. மீன் களஞ்சியத்தில் வேலை செய்கிறவரின் வீட்டில் மீன் இல்லை! கொலைகாரனைக்கூட இவர் மன்னிப்பார். எடுத்துவிட்டுக் கட்டாதவனை மன்னிக்கமாட்டார்.

போன மாரிக் குளிரில் ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழும்பினவர் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். முகம் சாம்பலாகிவிட்டது. வாய்வு என்றார். இஞ்சி கேட்டார். நான் இஞ்சியையும் விட்டேன், அவரையும் விட்டேன், அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

"விசரே உமக்கு? உதுக்கு எவ்வளவு கேப்பாங்களோ!" என்று அந்த நிலையிலும் முனகினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த அகப்பையால் ஒன்று போட்டிருப்பேன்.

நெஞ்சைத் திறந்து அடைப்புகளுக்கு மாற்றுப்பாதை வைத்தார்கள். கண் விழித்து ஓரளவு கதைக்கக்கூடிய நிலை வந்ததும் தாதியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு வரும் என்பது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதற்கு இங்கே பணம் கட்டுவதில்லை என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டு சொன்னாள். அது அவருக்குத் தெரியாததல்ல. மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது நன்றாகவே தெரிந்திருந்தது. தாதி போனதும் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எடுத்திட்டனப்பா. பெரிய சீட்டு."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று பிறகுதான் விளங்கியது.

அடுத்து வந்த ஒக்டோபரில் நிதியமைச்சர் வந்தார், உச்சவரம்பு கூடியது, இவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் குசினி அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "கூட்டட்டும். ஆக்களுக்கு வருத்தம் வருகுதுதானே" என்றார். நெஞ்சு வலித்த நாளில்கூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நோய் விடுப்பு முடிகிற காலம் நெருங்க, திரும்பக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கும் வேலை, மூச்சு விட்டால் மூக்கிலேயே கட்டியாகும் குளிர். அந்தக் குளிரில் பாரம் தூக்கினால் இந்த இதயம் தாங்காது என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இலேசான வேலை அங்கே எதுவும் இல்லை.

"மருத்துவர் சொன்னது கேக்கேல்லையே உங்களுக்கு?"

"கேட்டது. எடுத்துப்போட்டுக் கட்டாமல் இருக்கச் சொல்லுறீரோ? அவனுக்கும் எனக்கும் பிறகென்ன வித்தியாசம்?"

அவன் என்றால் லண்டன்காரன். நான் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இது சீட்டு இல்லை, எல்லாரும் எல்லாருக்காகவும் கொடுப்பது, திருப்பிக் கட்டத் தேவையில்லை என்று அவள் அழாக்குறையாகச் சொன்னாள். "அப்பிடி நினைச்சுத்தான் பிள்ளை அவனும் போனவன்" என்றார்.

நலன்புரி அலுவலகத்தில் எங்களைச் சந்தித்த பெண் இளவயதுக்காரி, நல்ல மனம். முழு இயலாமைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றாள். இவர் வேண்டாம் என்றார். பாதி என்றாள். அதுவும் வேண்டாம் என்றார். அவள் என்னைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். வேலைக்குப் போங்கள் என்று ஆட்களைக் கெஞ்சுவதற்குத்தான் பாவம் அவளைப் பழக்கியிருப்பார்கள்.

கடைசியில் அவளுக்கு ஒன்று தோன்றியது. அந்தக் கொடுப்பனவிலிருந்தும் காப்புறுதிக்குக் கழிப்பார்கள், ஆகவே நீங்கள் தொடர்ந்தும் கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள் என்றாள். அவரது முகம் ஒரு கணம் வெளித்தது. நான் கோயிலுக்கு நேர்ந்து வைத்திருந்த தேங்காயை மனதுக்குள் உடைத்தே விட்டேன். ஆனால் உடனே என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "அவையின்ரை காசிலையே அவைக்குச் சீட்டுக் கட்டுறதோ? உது கள்ள வேலை."

யோசித்துச் சொல்வதாகக் கைகொடுத்துவிட்டு வெளியே வந்தோம். ரயிலில் உட்கார்ந்ததும், திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் வேலைக்கு வருவதாகச் சொல்லப்போகிறேன் என்றார். எனக்குள் ஏதோ அறுந்தது. முப்பது வருடத்தில் பொது இடத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை.

"நான் கட்டேல்லையோ?" என்று கத்தினேன். "பாலர் பள்ளியிலை ஊர்ப்பிள்ளையளின்ரை மூக்கைத் துடைச்சுத் துடைச்சு நானும் இவ்வளவு காலம் கட்டினனான். ஒருநாளும் கணக்குப் பாத்தனீங்களோ? நான் எடுத்தது என்ன? சொல்லுங்கோ!"

எதிரில் இருந்த நோர்வேக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் தொலைபேசிகளில் மிக முக்கியமான எதையோ கண்டுபிடித்தார்கள்.

"மெல்லக் கதையுமப்பா…"

"கதைக்கமாட்டன். அந்த ஆஸ்பத்திரியிலை உங்களுக்கு என்ன காசே தந்தவை? காசு தரேல்லை. உங்களைத் தந்தவை, எனக்கு! நீங்கள் எடுக்கேல்லை, நான்தான் எடுத்தனான். நான் எடுத்த சீட்டைக் கொண்டுபோய் ஐசுக்குள்ளை வைச்சுச் சாகக்குடுக்க நீங்கள் ஆர்?"

அழுகை வந்துவிட்டது. துடைக்கவும் இல்லை. நிலையங்கள் வந்து போயின, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி நிலையத்துக்கு முன் பெட்டியில் நாங்கள் மட்டும்தான்.

அவர் சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். மேற்பார்வையாளரை அழைத்து, களஞ்சியத்திலுள்ள தன் அலுமாரியைக் காலி செய்து வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார். அந்தப் பக்கம் காரணம் கேட்டிருக்க வேண்டும். "மனிசி விடமாட்டன் எண்டுறா" என்பதை நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு வைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"சரி, என்னை எடுத்திட்டீர். எடுத்து என்ன செய்யப்போறீர்?"

"முதலிலை வீட்டுக்குக் கொண்டுபோறன்" என்றேன். "பிறகு பாப்பம்."