ஹால் டிக்கெட்டின் இரண்டாவது வரி

குரூப் 4 தேர்வு எழுத நாமக்கல் போன அன்று என்னுடன் யாரும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கப் போயிருந்தார்கள். முதல் நாளே கூப்பிட்டுப் பார்த்தேன். “படிச்சவங்க நிக்கிற எடத்துல நாங்க வந்து என்ன சாமி பண்றது? ஒரு நாள் கூலியும் போயிரும்” என்றார் அம்மா.

எட்டு மணிக்கே பள்ளி வாசலை அடைந்தேன். கூட்டமே இல்லை. சீக்கிரம் வந்துவிட்டோம் என்று மகிழ்ந்து, தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். எட்டரை தாண்டி வாட்ச்மேன் வந்தார்.

“ஏனுங்க தம்பி, யாரைப் பார்க்கோணும்?”

“பரீட்சைக்கு வந்தேனுங்க.”

“இங்க ஏதுங்க பரீட்சை? இதே பேருல பைபாஸ்கிட்ட இன்னொரு பள்ளிக்கூடம் இருக்குது. அங்க ஓடுங்க!”

ஹால் டிக்கெட்டில் பள்ளிப் பெயருக்குக் கீழே, இரண்டாவது வரியில் அந்த பைபாஸ் முகவரி தெளிவாக இருந்தது. பத்து நாளாகக் கையில் இருந்தும் நான் படிக்கவில்லை. ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். மூன்று நிமிடம் மிச்சமிருக்கும்போது உள்ளே விட்டார்கள். வாசல் நிறைய மற்றவர்களின் அப்பா அம்மாக்கள் நின்றிருந்தார்கள்.

மாலையில் நடந்ததைச் சொன்னேன். “எங்கிட்டப் படிச்சுக் காட்டியிருந்தா, அது எந்தப் பக்கமின்னாவது கேட்டிருப்பனே” என்றார் அம்மா.

வீட்டில் வேறு யாருக்கும் எழுத்துத் தெரியாததால், எதையும் மனதுக்குள்ளேயே படித்துப் பழகியவன் நான். இப்போது எந்தக் காகிதம் வந்தாலும் அம்மாவுக்கு வாய்விட்டுப் படிக்கிறேன். அவரும் வரிக்கு வரி கேள்வி கேட்கிறார்.

என்னுடன் வந்திருந்தால் அம்மா இழந்திருக்கக்கூடிய ஒரு நாள் கூலியும், அன்று நான் ஆட்டோவுக்குக் கொடுத்ததும் ஒரே தொகைதான். முந்நூறு ரூபாய்.