கூறு போட்டவளே முதலில் எடுத்த ஆட்டம்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் கம்ப்யூட்டரில் ஓசியில் கிடைக்கிற பாடங்களை மகள் பார்த்தபோது நான் குறுக்கே போனதில்லை. கேம் தியரியாம்; யார் எப்படி ஆடினால் யாருக்கு லாபம் என்கிற கணக்காம். ஒரு வெள்ளைக்காரர் கரும்பலகை முன்னால் பேசுவார். நெட் திக்கினால் வாய் திறந்தபடி நின்றுவிடுவார். இவளும் வாய் திறந்தபடி காத்திருப்பாள். அதோடு விட்டாளா? பாடத்தை ஆளை வைத்துச் சோதிக்க வேண்டுமாம்.

அகப்பட்டது நானும் என் கூட்டாளியும். கோவளத்தில் மீன் எடுத்து, ஒரே ஆட்டோவில் கூடைகளை ஏற்றி, பதினெட்டு வருஷமாகத் தாம்பரம் சந்தைக்குப் போகிறவர்கள் நாங்கள். ஒருத்திக்கு மட்டும் ஆட்டோ கட்டுப்படியாகாது. பஸ்ஸில் மீன்கூடையை ஏற்ற விடமாட்டார்கள்.

ஒரு மத்தியானம் மகள் எங்களை எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் பத்து சங்கரா மீனை வைத்தாள். கூட்டாளி பங்கு பிரிக்க வேண்டும். நான் சரி என்றால் அந்தப்படி எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

எங்கள் கரையில் கூறு போட்டவள் கடைசியில்தான் எடுப்பாள். அதனால்தான் கூறு சமமாக விழும். கூட்டாளியோ எட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இரண்டை என்னிடம் தள்ளினாள்.

“வாணாம்” என்றேன்.

“ஒண்ணுமே இல்லாததுக்கு ரெண்டு லாபம்தானேம்மா? சரின்னுதான் சொல்லணும், பாடத்துல அப்படித்தான் இருக்கு” என்றாள் மகள்.

“உன் பாடத்த கொண்டுபோய் கடல்ல போடு. நான் இன்னா பிச்சையா கேட்டேன்?”

கூட்டாளிக்குச் சுருக்கென்றது. “வெளாட்டுன்னு உன் பொண்ணுதானே கூப்ட்டுச்சு? வெளாட்டுல ஜெயிக்கத்தானே பாப்பாங்க? என்னை திருடி ஆக்கிட்டியேக்கா!” எழுந்து போய்விட்டாள். மகள் சட்டம் தவறாதவள். பத்து மீனையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, நடந்ததை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் கூட்டாளி ஆட்டோவுக்கு வரவில்லை. நான் தனியாகப் போனேன். லாபமெல்லாம் ஆட்டோவுக்கே போயிற்று. அடுத்த நாளும் அதே கதை. அவளோ தன் வீட்டு வாசலிலேயே கூடையை வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரும் விட்டுக்குடுக்கலன்னா ரெண்டு பேருக்கும்தான் நஷ்டம். இதுக்கும் ஒரு பாடம் இருக்கும்மா” என்று மகள் ஆரம்பித்தாள். முறத்தை ஓங்கினேன். வாயை மூடினாள்.

மூன்றாம் நாள் ஆட்டோவைக் கூட்டாளி வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னேன். நான் இறங்கவில்லை.

“இன்னாடி, வரியா? இல்ல மீனு நாறட்டுமா?”

“நீயா கூப்புட்ற?”

“டிரைவரு கூப்புட்றாரு.”

கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நகர்ந்து இடம் விட்டேன். கூடைகள் சரியாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். கேளம்பாக்கம் தாண்டிப் பேச ஆரம்பித்ததும், இரண்டு பேரும் சேர்ந்து என் மகளைத்தான் திட்டினோம்.