பதினொரு கம்பியும் என் இடது கையும்

அந்த லாட்வியாக்கார மனுசிக்கு இரண்டு வருசம் நான் இடது கையாக இருந்தேன். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே இருந்தேன்.

அப்போது நாங்கள் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கத்தில் ஒரு பழைய அப்பார்ட்மென்டில் இரண்டாம் மாடியில் இருந்தோம். நான், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். அந்த மனுசி கீழ்வீட்டில் தனியாக இருந்தா. வயது எண்பதுக்குக் கிட்ட. பாரிசவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. வலது கை நல்ல சுகம், நடையும் பிழையில்லை. இடது கை மட்டும் பிழிந்துபோட்ட துணி மாதிரி மடியில் கிடக்கும். மகள் கீழே உடுப்புத் தோய்க்கிற இடத்தில் அவவைக் கண்டு கதைத்துவிட்டு வந்து சொன்னாள்:

"அம்மா, கீழ்வீட்டு மனுசிக்குக் காலமையில ஒரு ஆள் வேணுமாம். சூப் வைக்க, சட்டைப் பொத்தான் பூட்டிவிட. நீங்கள் சும்மாதானே இருக்கிறியள்?"

"எனக்கு அவவின்ர பாசை தெரியாதே பிள்ளை."

"அவவுக்கும் உங்கட பாசை தெரியாது. சரிக்குச் சரி."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கிற பழக்கம் சின்னனிலேயே இல்லை. கோயிலில் பாடச் சொன்னால்கூட வாயை மட்டும் அசைப்பேன், சத்தம் வராது. அப்படிப்பட்டவளுக்குத் தனியாக இருக்கிற ஒரு கிழவியின் வீடு நல்லதாகத்தான் பட்டது. போனேன். இங்கத்தைய பிரெஞ்சு வழக்கப்படி அவவை மடம் என்று கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் இருந்தது அரைகுறை இங்கிலீசுதான், அவவுக்கு என்னைவிடக் கொஞ்சம் கூட. அதில் கதைத்ததைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சுவரில் தோல் வாரில் ஒரு மரச் சாமான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அகலம், மற்றப் பக்கம் ஒடுக்கம். மன்னாரில் திருக்கை மீனைப் பிளந்தால் ஒரு பக்கத்துச் செட்டை எப்படி இருக்குமோ அந்த வடிவு. அதன்மேல் பதினொரு கம்பி விசிறி மாதிரி விரிந்து போயிருந்தது. ஒருநாள் தூசி துடைக்கும்போது துணி பட்டு அது அதிர்ந்துவிட்டது. குசினிக்குள் இருந்து மனுசி சத்தம் போட்டா. பேச்சு விழப்போகுது என்று பயந்து நின்றேன்.

"அதைக் கொண்டு வா" என்றா.

அதற்குப் பெயர் கோக்லெ என்று அன்றைக்குத்தான் தெரியும். அவவின் தகப்பன் செய்தது. அவையும் ஒரு சண்டையில் நாட்டை விட்டு ஓடி, ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்திருக்கினம். அங்கே கிடைத்த ஒரே கட்டையைக் குடைந்து தகப்பன் இதைச் செய்தாராம். "நானும் முகாமில இருந்தனான், மடம்" என்றேன். மனுசி வலது கையை என் கைமேல் வைத்தா. முகாமில் இருந்த ஆட்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும் என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.

கோக்லெ வாசிக்கிற விதம் வேறு மாதிரி. வலது கை விரலால் பதினொரு கம்பியையும் ஒரேயடியாக வாரி இழுப்பார்கள். எந்தக் கம்பி பேசக்கூடாதோ அதன்மேல் இடது கை விரலை மெல்ல வைத்துவிட வேண்டும். விரல் பட்ட கம்பி பேசாது, படாத கம்பி பேசும். பாட்டு முழுக்க இடது கையிலதான் இருக்கிறது. மனுசி வலது கையால் ஒருதரம் இழுத்துக் காட்டினா. எல்லாக் கம்பியும் சேர்ந்து இரைந்தது, சந்தையில் எல்லாரும் ஒரே நேரத்தில் விலை கேட்கிற மாதிரி.

"பார், ஒரு கைக்கு இதுதான் வரும்" என்றா. பிறகு என்னைத் தன் இடது பக்கத்தில் இருத்தி, கோக்லெயைப் பாதி தன் மடியிலும் பாதி என் மடியிலும் வைத்து, என் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கம்பியில் வைத்தா. இழுத்தா. சந்தை அடங்கி மூன்று கம்பி மட்டும் கேட்டது. எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து சூப் அடுப்பில் கொதிக்கும் நேரம் எங்கள் நேரம். எனக்குச் சுரம் ஒன்றும் தெரியாது. கம்பியை ஒன்று, இரண்டு என்று எண்ணி மனதில் வைத்தேன். அவ மூச்சை இழுத்தால் நான் விரல் மாற்ற வேண்டும். பிந்தினால், "உன்ர சின்னவிரல் நித்திரை, எழுப்பு" என்பா. முந்தினால், "எங்கே ஓடுறாய், பஸ்ஸைப் பிடிக்கவோ?" என்பா. ஆறு மாதத்தில் பத்துப் பாட்டு வந்தது. ஒரு பாட்டில் மோதிர விரலைக் கொஞ்சம் முந்தியே எடுத்தால் சத்தம் அறாமல் அடுத்ததோடு வழுக்கிக்கொண்டு போகும். அது நானே கண்டுபிடித்தது. மனுசி கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று அதை எத்தனை தரம் செய்வித்திருப்பா!

அவவின் ஆட்கள் யாராவது பார்க்க வந்தால், கதவு திறக்க முதலே கோக்லெ சுவருக்குப் போய்விடும். நான் குசினிக்குப் போய்விடுவேன். எனக்குக் கூச்சம் என்று தெரிந்து அவ அப்படிச் செய்கிறா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு நல்ல குணம் என்றுகூட மகளிடம் சொன்னேன்.

இரண்டாம் வருசம் பனி கரைகிற நேரம் மனுசி சொன்னா: "கோடையில எங்கட ஆக்களுக்கு ஒரு கொண்டாட்டம். லவாலில ஒரு மண்டபத்தில. என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கினம். நீ என்னோட மேடையில வந்து இருப்பியோ?"

"ஐயோ மடம், நான் வேண்டாம்" என்றேன்.

எங்கள் ஆட்கள் முதல் கேள்விக்கு ஓம் சொல்லுகிறவர்களா? ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடியுங்கோ என்பார்கள். இல்லை, வேண்டாம், இப்பதான் குடிச்சனாங்கள் என்போம். இரண்டாம் தரம் கேட்பார்கள். ஏன் உங்களுக்குக் கரைச்சல் என்போம். மூன்றாம் தரம் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள், குடிப்போம். உடனே ஓம் என்றால் காய்ஞ்சுபோய் வந்ததாக நினைப்பார்கள். என்னைக் கேட்டதோ மேடை. முதல் தரமே ஓம் என்று எப்படிச் சொல்லுவது?

ஆனால் மனதுக்குள் ஓம் சொல்லிவிட்டேன். என் சீவியத்தில் நான் ஆசைப்பட்டுக் கேட்ட இடம் என்று ஒன்றும் இல்லை. அந்தக் கதிரை, அவவின் இடது பக்கத்துக் கதிரை, அதை மட்டும் எல்லாருக்கும் முன்னால் எனக்கு வேண்டும் என்றிருந்தது. மகளிடம் சொல்லிப் பச்சைச் சீலைக்குப் புதுச் சட்டை தைப்பித்தேன்.

"அம்மா மேடை ஏறப்போறாவாம்!" என்று மகள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரித்தாள். "வாய் திறக்கத் தேவையில்லாத கச்சேரியெண்டால் அம்மாவுக்கு நல்லாப் பொருந்தும்."

"போடி விசரி" என்றேன். எனக்கும் சிரிப்புத்தான்.

மனுசி இரண்டாம் தரம் கேட்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அவையின் ஆள் ஒருவர் வந்தார். பியர்பொன்ட்சில் இருக்கிற தச்சுவேலைக்காரர், ஓய்வு எடுத்தவர், இந்தக் கோக்லெக்கள் செய்கிறவர். அன்றைக்கு மட்டும் கோக்லெ சுவருக்குப் போகவில்லை, நானும் குசினிக்குப் போகவில்லை. காரில் இருந்து மூன்று சாமான் இறக்கிக் காட்டினார். ஒன்றுக்கு முப்பதுக்கு மேலே கம்பி, கால் வைத்த மேசை மாதிரி. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன இரும்புக் கொளுக்கி, அதைத் தட்டினால் அந்தக் கம்பியின் சுருதி அரைப் படி ஏறும். இன்னொன்று வயர் கொழுவி ஒரு பெட்டியில் பூட்டுவது. அது வாசிக்காத நேரத்திலும் ஃபிரிட்ஜ் மாதிரி இரைந்தது. மூன்றாவது வெறும் மர உடல், கம்பி இன்னும் பூட்டவில்லை.

பிறகு எங்களை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். அவர் என் விரலையே பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தச் சொல்லி, எந்தக் கம்பியில் எந்த விரல் என்று பென்சிலால் குறித்து, அடிமட்டம் வைத்து அளந்தார்.

"மடம், இவர் ஏன் அளக்கிறார்?"

"புதுசு ஒண்டு செய்யிறார். நல்லாய்க் காட்டு."

நான் மேடைக்குத்தான் என்று நினைத்தேன். எங்கள் இருவருக்கும் வசதியாகப் பெரிதாக ஒன்று செய்யப்போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் ஒளிக்காமல் காட்டினேன். மோதிர விரல் முந்துகிற அந்தச் சூட்சுமத்தையும் மூன்று தரம் மெதுவாகச் செய்து காட்டினேன். அவர் "குட், குட்" என்றார். எனக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது.

அந்த நாள் வந்தது. அப்போது லவாலுக்கு மெட்ரோ போகாது. மகள்தான் காரில் கூட்டிப்போனாள். மனுசி அந்தத் தச்சருடன் முந்தியே போய்விட்டா. வாசலில் ஒரு பெட்டை என் தலையில் பூவும் இலையும் பின்னிய வளையம் ஒன்றை வைத்தாள். என்னை ஆரென்று தெரிந்துதான் வைக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் பெண்கள் எல்லார் தலையிலும் அது இருந்தது.

முன் வரிசையில் ஓரமாக இருந்தேன். கூப்பிட்டால் டக்கென்று எழும்பக்கூடிய மாதிரி.

மேடையில் ஒரு மேசை, ஒரு கதிரை. ஒரே ஒரு கதிரை. மனுசி வந்து இருந்தா. மேசையில் இருந்தது அந்த மூன்றாவது கோக்லெ, இப்போது கம்பி பூட்டியிருந்தது. குறுக்கே ஐந்து மரச் சட்டம் பூட்டியிருந்தது, ஒவ்வொன்றுக்கும் கீழே கம்பளித் துண்டுகள். மனுசி விழுந்த கையைத் தூக்கி ஒரு சட்டத்தின்மேல் வைத்து, தோளால் அழுத்தினா. வலது கையால் இழுத்தா. மூன்று கம்பி கேட்டது. அது எங்களுடைய முதல் நாள் மூன்று கம்பி. தோளைக் கொஞ்சம் தள்ளி அடுத்த சட்டம், பிறகு அடுத்தது. என் விரல்கள் எந்தெந்த இடத்தில் இருக்குமோ அந்தந்த இடத்தில் கம்பளி இருந்தது. மோதிர விரல் முந்துகிற பாட்டை அவ எடுக்கவேயில்லை.

முடிய மனுசி எழும்பித் தங்கள் பாசையில் ஏதோ சொன்னா. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், என்ன சொல்லுறா என்று என் அரைகுறை இங்கிலீசில் கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாக வாய் திறந்து கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண் மேடையடியில் நின்ற தச்சரைக் காட்டிச் சொன்னாள்: "கை விழுந்தபிறகு ரெண்டு வருசம் ஒரு பாட்டும் வாசிக்கேல்லையாம். இந்த மனிசன்தான் கையைத் திருப்பித் தந்தவராம்."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டாவிட்டால் பார்ப்பார்கள் என்று நானும் தட்டினேன்.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: "ஏனம்மா உங்களைக் கூப்பிடேல்லை?"

"நான் வேண்டாம் எண்டு சொன்னனான்."

"பேந்து கேக்கேல்லையோ?"

"இல்லை."

"அவை எங்கட ஆக்களே, மூண்டு தரம் கேக்க? வேண்டாம் எண்டால் அவைக்கு வேண்டாம்தான் அம்மா."

அது சரிதான். அந்தப் பிழையை என்னுடையது என்று எடுத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் இரண்டு வருசம் ஒரு பாட்டும் வாசிக்கவில்லை என்றாவே, அது என் பிழையா? ஒவ்வொரு காலமையும் அவவின் மூச்சுக்கு விரல் மாற்றினது ஆர்?

ஒரு கிழமை முழங்கால் நோ என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். பிறகு போனேன். சொல்ல வேண்டியதைப் படியில் இறங்கும்போதே இங்கிலீசில் கோத்துக்கொண்டு போனேன்.

"உன்னைக் கேட்டனான். நீதான் வேண்டாம் எண்டாய்" என்றா மனுசி, நான் ஒன்றும் கேட்க முதலே.

"ஓம் மடம், அது என்ர பிழை. ஆனால் ரெண்டு வருசம் வாசிக்கேல்லை எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"சின்ன வயசில இருந்து நான் எங்கட ஆக்களுக்கு முன்னால வாசிக்கிறவள். இன்னொருத்தியின்ர கை வேணும் எண்டு அவைக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"மரத்தில செய்த கையை எல்லாருக்கும் முன்னால காட்டினீங்கள்தானே."

"மரம் வேற" என்றா.

அதற்குமேல் நான் கோத்துக்கொண்டு வந்ததில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. புதுக் கோக்லெ மேசையில் துணி மூடிக் கிடந்தது. மனுசி சுவரைக் காட்டினா. "பழசை எடு. அந்த ஒரு பாட்டு சட்டத்தில வருகுதில்லை. நீ வந்து பிடி."

எடுத்துக் கொடுத்தேன். வழமையான இடத்தில் இருந்தேன். பாதி அவ மடியில், பாதி என் மடியில். மனுசி மூச்சை இழுத்தா. என் கை எழும்பவில்லை. நான் எழுப்பவில்லை என்று எழுதினால்தான் சரி. பதினொரு கம்பியும் ஒரேயடியாக இரைந்தது. இன்னொருக்கா இழுத்தா, இன்னும் பலமாக. அதுவும் அப்படியே.

"கை நோகுதோ?"

"இல்லை, மடம்."

மனுசி தன் வலது கையைக் கம்பிகளின்மேல் விரித்து வைத்து இரைச்சலை நிறுத்தினா. பிறகு எழும்பி, அந்த ஒற்றைக் கையால் கோக்லெயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரடிக்குப் போனா. தோல் வார் ஆணியில் ஏறவில்லை. ஒருதரம் தவறியது, இரண்டாம் தரமும் தவறியது. தோளால் சுவரோடு முட்டுக்கொடுத்துக்கொண்டு மறுபடியும் தூக்கினா. கனநேரம் எடுத்தது. நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், எழும்பவில்லை.